எண்பதாம் ஆண்டுப் படம்

புத்தூரில் பரமலிங்கம் மாஸ்ரர் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் இரண்டு பாடங்கள் முழுக்க முழுக்க நம்பிக்கையின் பேரில் நடந்துவந்தன. ஒன்று சைவசமயம். மற்றது கணனி.

சைவசமயம் படிப்பித்த சிவக்கொழுந்து ரீச்சர் இதை ஒளித்து வைக்கவில்லை. “உங்கடை பாடமும் என்ரை பாடமும் ஒண்டுதான் மாஸ்ரர்” என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொல்லுவார். “ரெண்டு பேரும் பிள்ளையள் காணாததைத்தான் படிப்பிக்கிறம். ஆனால் என்ரை ஆள் கறண்ட் இல்லாமலும் வேலை செய்யிறார்.”

பரமலிங்கம் மறுத்துப் பேசுவதில்லை. அவர் கணித ஆசிரியர். நிறுவமுடியாத விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டுப்படக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

கணனி இருந்தது உண்மை. லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கடைசியில் அதை அனுப்பியிருந்தார். வந்த புதிதில் சில மாதங்கள் அது வேலையும் செய்தது. அடுத்த ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்க, குடாநாடு முழுக்கக் கறண்ட் நின்றது. வழக்கமாக நிற்பது போல நின்றுவிட்டு வருகிற நிற்பல்ல அது. மூன்று வருடமாகியும் வரவில்லை. கணனி நூலக அறை அலுமாரிக்குள் போனது. நவராத்திரிக்கு மட்டும் வெளியே வந்து, வீணைக்கும் புத்தகக் கட்டுக்கும் நடுவில் இருந்து, சந்தனப் பொட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும்.

பாடம் நிற்கவில்லை. நேரசூசியில் கணனிப் பாடம் இருந்தது. அதை வெட்டச் சொல்லி ஒருவரும் அறிவிக்கவில்லை. பரமலிங்கம் பிஸ்கட் பெட்டி மட்டைகளை வெட்டி, லண்டனிலிருந்து வந்த விசைப்பலகையை அளந்து பார்த்து, எழுத்துக்கு எழுத்து அதே இடத்தில் கீறி, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மட்டை என்று கொடுத்தார். திரைக்கு ஒரு சிலேற்று. மற்றப் பாகங்களுக்குப் பிள்ளைகள்தான். தோட்டக்காரத் தம்பிராசாவின் மகள் பத்மாவதிக்கு ஒருமுறை கேட்டது மறக்காது, அவள் ஞாபகம். கணக்கில் கெட்டிக்காரர் இரண்டு பேர் மூளை. எழுத்து வடிவான சீவரத்தினம் சிலேற்றோடு முன்னுக்கு நின்றான், அவன் திரை. கரும்பலகையில் மாஸ்ரர் நிரலை எழுதுவார். பிள்ளைகள் வரிவரியாக அதை ஓட்டுவார்கள்.

“பத்தாம் வரி. ஞாபகம், ‘வி’ எவ்வளவு?”

“நாற்பது, சேர்.”

“மூளை, அதிலை பத்திலை ஒரு பங்கு கழி.”

“முப்பத்தாறு.”

“திரை, காட்டு.”

சீவரத்தினம் எழுதிக் காட்டுவான். சில நாட்களில் ஞாபகத்துக்குக் காய்ச்சல் வந்துவிடும். அன்றைக்குக் கணனி பழுது என்று அறிவித்துவிட்டு மாஸ்ரர் கேத்திரகணிதம் எடுப்பார்.

அந்த அறைக்குள் எவரும் செருப்போடு போகக்கூடாது. தூசி ஆகாது என்று லண்டன்காரர் எழுதியிருந்தார். கணனி அலுமாரிக்குள்ளே கிடந்தாலும் செருப்பு வெளியேதான். இந்த ஒழுங்கு ஒன்றைத்தான் சிவக்கொழுந்து ரீச்சர் மனமாரப் பாராட்டினார்.

இவ்வளவு ஒழுங்காக நடந்தும் பரமலிங்கத்துக்குள் ஒரு பயம் வளர்ந்துகொண்டிருந்தது. இப்போதைய வகுப்பில் ஒரு பிள்ளையும் அந்தப் பெட்டி உயிரோடு இருந்ததைக் கண்டதில்லை. ஒரு நாள் சீவரத்தினம், “சேர், திரையிலை எழுத்து என்ன நிறத்திலை வரும்?” என்று கேட்டான். பச்சை என்று சொல்ல வாயெடுத்தவர், பச்சையா வெள்ளையா என்று ஒரு கணம் யோசித்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சைக்கிள் பாரமாக இருந்தது. இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகுமுன் ஒரே ஒரு தடவை விசையைப் போட்டு அதைக் கொளுத்திக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் தான் சொன்னதெல்லாம் வெறும் கதையாகப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்தது.

கப்பலில் வந்ததால் பிந்தியும் ஈரம் பட்டும் வந்திருந்தது. தலைப்பு: ‘பாடசாலைகளில் தொழில்நுட்பம்: தேசியப் பொருளாதார வளர்ச்சிக்கான பங்களிப்பு.’ ஒவ்வொரு பாடசாலையும் தன்னிடமுள்ள தொழில்நுட்ப உபகரணங்கள் நாட்டின் வளர்ச்சிக்கு எவ்வாறு உதவுகின்றன என்பதைச் செய்முறையாகக் காட்டவேண்டும். இயங்காதவை இயங்கக்கூடிய பாடசாலைகளுக்கு மாற்றப்படும். பள்ளிக்கூட அதிபர் இதை ஆசிரியர் அறையில் உரத்து வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சுற்றுநிருபத்தை அனுப்பிய அதே அரசாங்கந்தான் குடாநாட்டுக்குள் போகக்கூடாத சாமான்களில் பற்றரியையும் சேர்த்திருந்தது. இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்க மாட்டார் என்று அதிபர் பெருந்தன்மையோடு சொன்னார்.

“டவுனிலை ஒரு கல்லூரியிலை ஜெனரேற்றர் கிடக்காம்” என்று அவர் தொடர்ந்தார். “எங்கடை பெட்டி வேலை செய்யாட்டில் அங்கை கொண்டுபோவினம். வாற வியாழக்கிழமை கல்விக் கந்தோரிலை இருந்து அருளம்பலம் ஐயா பாக்க வாறார். மாஸ்ரர், நீங்கள்தான் நிண்டு காட்டவேணும். எனக்கு அண்டைக்கு வயித்துக்குத்து.”

“வியாழக்கிழமை வரப்போற வயித்துக்குத்து இண்டைக்கே தெரியுமோ சேர்?”

“எனக்கு அப்பிடித்தான் வாறது.”

ஜெனரேற்றர் என்றால் கொழும்புத்துறை மரியரட்ணத்திடம்தான் போகவேண்டும். கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் ஜெனரேற்றர், ரீவி, வீடியோ டெக் மூன்றையும் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்து படம் போடுகிறவர் அவர். கறண்ட் போனபிறகு குடாநாட்டில் சினிமா அவருடைய கரியரில்தான் ஓடியது. பரமலிங்கம் விஷயத்தைச் சொன்னதும் மரியரட்ணம் யோசித்தார்.

“உந்தப் பெட்டியிலை என்ன படம் ஓடும்?”

“படம் ஓடாது. கணக்குப் பாக்கும்.”

“ரீவி மாதிரித் திரை கிடக்கு. படம் ஓடாது. கணக்கு மட்டும் பாக்கும்.” மரியரட்ணம் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். “லண்டன்காரன் உங்களை ஏமாத்திப்போட்டான் மாஸ்ரர். சரி, நான் ஜெனரேற்றரோடை வாறன். எனக்கும் அதைப் பாக்கவேணும். மண்ணெண்ணை மட்டும் உங்கடை.”

அந்த ‘மட்டும்’ தான் பெரிய விஷயம். கூப்பனுக்கு வருகிற மண்ணெண்ணெய் விளக்குக்கே காணாது. புத்தூரில் விளக்குக்கு மிஞ்சி மண்ணெண்ணெய் வைத்திருக்கக்கூடியவர்கள் தண்ணீர் இறைக்கும் மிசின் வைத்திருக்கும் தோட்டக்காரர்கள்தான். பரமலிங்கம் தம்பிராசாவிடம் போனார்.

தம்பிராசா வெங்காயம் கிண்டி முடித்து, தோட்டத்துக் கொட்டிலுக்குள் குந்தியிருந்து பிடிபிடியாய்க் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சாராயப் போத்தல் நிறைய மண்ணெண்ணெய். அதற்குக் கோழி தட்டாமல் கூடை கவிழ்த்து வைத்திருந்தார்.

“உது புகையிலைக்கு வைச்சிருக்கிறன் மாஸ்ரர். கடைசித் தண்ணி இறைக்க. உதை உங்களுக்குத் தந்தால் உந்தப் பெட்டி எனக்கு என்ன செய்யும்?”

“தேசியப் பொருளாதார…” என்று தொடங்கிய பரமலிங்கம் தம்பிராசாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “உந்த வெங்காயத்தை இப்ப விக்கிறதோ, தூக்கிக் கட்டி வைச்சுப் பிறகு விக்கிறதோ எண்டு சொல்லும்.”

தம்பிராசாவின் கை நின்றது. அந்த ஒரு கேள்விதான் அவரை ஒரு கிழமையாக நித்திரை கொள்ள விடாமல் வைத்திருந்தது. சண்டையால் பூட்டிக் கிடக்கும் பாதை திறந்து, லொறியோ தோணியோ அங்காலே போனால் வெங்காயத்துக்கு விலை வரும். திறக்காவிட்டால் கட்டிலேயே அழுகிக் காற்றில் போகும்.

“பெட்டிக்கு வெங்காயம் தெரியுமோ?”

“பெட்டிக்கு ஒண்டும் தெரியாது. உங்கடை மோளுக்குத் தெரியும். அவளும் மற்றப் பிள்ளையளும் சேந்துதான் அதுக்குச் சொல்லிக் குடுக்கப் போகினம்.”

தம்பிராசா கூடையைத் தூக்கினார். “சொல்லாட்டில் புகையிலைக்கு நீங்கள்தான் பட்டை பிடிச்சுக் கையாலை இறைக்கவேணும், சொல்லிப்போட்டன்.”

அன்றிலிருந்து வகுப்பு முழுக்க வெங்காயம். இன்றைய விலை, பாதை திறந்தால் வரும் விலை, மாதத்துக்கு எவ்வளவு அழுகும், பாதை திறக்க எத்தனை மாதம். பிள்ளைகள் நிரலைப் பலகையில் திருத்தித் திருத்தி எழுதினார்கள். அழுகல் கணக்கை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் எந்த வீட்டிலும் விடை கிடைக்கவில்லை. வகுப்பில் ஓட்டிப் பார்க்கும்போது அந்த இடத்தில் பேருக்கு ஏதோ ஒரு இலக்கத்தைப் போட்டுக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை வந்தது. அதிபருக்கு வயிற்றுக்குத்தும் வந்தது.

அருளம்பலம் ஐயா டவுனிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகிவிட்டது. ஓய்வுக்குக் கிட்ட நிற்கிற மனிதர். சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் பனங்களியில் தோய்த்த சேட்டு. வெள்ளை என்று அவர் சொன்னால்தான் வெள்ளை. சோடா இல்லாததால் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, நூலக அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

கணனி மேசையில் இருந்தது. போன நவராத்திரிச் சந்தனத்தைப் பத்மாவதி பல்லுத்தூரிகையால் தட்டிவிட்டிருந்தாள். மரியரட்ணம் முற்றத்தில் ஜெனரேற்றரை வைத்து, கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னப் போத்தலிலிருந்து இரண்டு துளி பெற்றோலை அதன் வாயில் விட்டார். பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் நடக்கும் அந்தக் காலத்து எல்லா எஞ்சினையும் போல அதுவும் இருமி, புகைத்து, பெருஞ்சத்தத்தோடு பிடித்துக்கொண்டது.

சத்தம் அதிகமென்றால் ஒரு பிரச்சினை: மேலே குண்டு போடுகிற பொம்மர் வந்தால் கேட்காது. சிவக்கொழுந்து ரீச்சர் ஒருவரும் கேளாமலே போய் முற்றத்து நடுவில் நின்று, நெற்றிக்குக் கை வைத்து ஆகாயத்தைப் பார்க்கத் தொடங்கினார். “நீங்கள் உள்ளுக்குப் பாருங்கோ. மேலை பாக்கிறது என்ரை பாடம்” என்றார்.

இரண்டாவது பிரச்சினையை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. புத்தூரில் ஜெனரேற்றர் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. சற்று நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு சனம் வரத் தொடங்கியது. பாயோடு வந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு ஆச்சி வெற்றிலைத் தட்டத்தோடு வந்தார்.

“ஆற்றை சாமத்தியவீடு?”

“பள்ளிக்கூடத்திலை சும்மா போடினமாம்.”

“பகல் காட்சியோ? அப்ப யன்னலைச் சாத்துங்கோவன், வெளிச்சம் அடிக்குதெல்லே.”

பரமலிங்கம் விளங்கப்படுத்த எழும்புவதற்குள் சனம் செருப்பை வாசலில் குவித்துவிட்டு, பாயை விரித்து இருந்துவிட்டது. யாரோ யன்னலையும் சாத்திவிட்டார்கள். அருளம்பலம் ஐயா கதிரையில் திரும்பிப் பார்த்தார். “பெற்றார் ஒத்துழைப்பு நல்லாய்க் கிடக்கு” என்று குறித்துக்கொண்டார்.

பரமலிங்கம் பெட்டியின் வாய்க்குள் பிளொப்பித் தட்டைச் செருகி விசையைப் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே எங்கோ ஒரு தும்பி பறந்தது. திரையில் ஒரு புள்ளி வந்து துடித்தது. பச்சை. பரமலிங்கத்துக்கு உடம்பில் பாதிப் பாரம் இறங்கியது. “பச்சை” என்று பின்னாலிருந்து சீவரத்தினம் மெல்லச் சொன்னான், ஏதோ பந்தயம் வென்றவன் போல.

எழுத்துகள் ஓடி வந்து ஒரு இடத்தில் நின்றன. இங்கிலிசில் இருந்ததை அருளம்பலம் ஐயா கண்ணாடியை உயர்த்தித் தமிழாக்கி உரத்து வாசித்தார்.

“இன்றைய திகதி, செவ்வாய்க்கிழமை, ஜனவரி முதலாந் திகதி, ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது.”

பாயிலிருந்து ஒரு பெருமூச்சு எழும்பியது.

“எண்பதாம் ஆண்டுப் படம்.”

“பழசோ? பரவாயில்லை, பழைய படங்கள்தான் நல்லது.”

“ஆர் நடிச்சது எண்டு போடேல்லை?”

பரமலிங்கத்துக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்தப் பெட்டிக்குள் மணிக்கூடு இல்லை. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அது எண்பதாம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியில்தான் விழிக்கும். சரியான திகதியை ஆள்தான் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதைத்தான் அது கீழே கேட்டுக்கொண்டு நின்றது. அவர் விரலை விசைப்பலகைக்குக் கொண்டுபோனார்.

“பொறுங்கோ மாஸ்ரர்” என்றார் அருளம்பலம் ஐயா. “கொஞ்சம் நிக்கட்டும்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “செவ்வாய்க்கிழமைதான். நான் கண்டியிலை படிப்பிச்ச காலம். வருசப் பிறப்பெண்டு பக்கத்து வீட்டுச் சிங்கள ஆக்கள் பாற்சோறு கொண்டுவந்து தந்தவை. இரவு மெயில் ரெயினிலை ஊருக்கு வந்தனான். பெட்டி முழுக்கச் சனம். கதவடியிலை இருந்து வந்தனான், மாங்குளத்துக் காத்து முகத்திலை அடிக்க.”

“எண்பதிலையோ?” தம்பிராசா பாயில் முழங்காலில் எழும்பினார். “எண்பதிலை நான் ரெயினிலை வெங்காயம் ஏத்தினனான் ஐயா. சாக்குச் சாக்காய். கொடிகாமத்திலை ஏத்தினால் விடியக் கொழும்பு. எங்கடை வெங்காயம் இல்லாமல் அங்கை ஒரு சட்டி அடுப்பிலை ஏறாது.”

“அண்டைக்குக் கறண்ட் இருந்தது” என்றார் ஒருவர்.

“நான் ஐஸ்பழம் வித்தனான்” என்றார் மரியரட்ணம், ஜெனரேற்றரை விட்டுவிட்டு யன்னல் இடுக்கால் எட்டிப் பார்த்தபடி. “ஐஸ்!”

அதைத் தொடர்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரு எண்பதாம் ஆண்டு இருந்தது. வெற்றிலைத் தட்டத்து ஆச்சிக்கு அந்த வருடம் இரண்டு மகன்மாரும் வீட்டில் இருந்தார்கள். திரையில் பச்சைக் கோடு ஒன்று மின்னி மின்னி, புதிய திகதி என்னவென்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. சொல்ல ஒருவருக்கும் மனமில்லை.

பரமலிங்கத்துக்கும் மனமில்லை. ஆனால் அவருடைய காது முற்றத்தில் இருந்தது. எண்பதாம் ஆண்டு தம்பிராசாவின் போத்தலிலிருந்து எரிந்துகொண்டிருந்தது.

“ஐயா, நேரம் போகுது” என்று கெஞ்சிவிட்டு, திகதியை மாற்றாமலே அந்தக் கேள்வியைத் தாண்டி, பிள்ளைகள் எழுதிய நிரலைத் தட்டினார். தட்டத் தட்டத் திரை சுருங்குவதும் விரிவதுமாய் இருந்தது. பிறகு பத்மாவதியைக் கூப்பிட்டார்.

பத்மாவதி வந்து, மட்டைக்கு முன்னால் இருப்பது போலவே முதுகை நிமிர்த்தி இருந்தாள். பத்து விரலும் தம் தம் இடத்துக்குத் தாமாகவே போயின. முதல் எழுத்தைத் தட்டினாள். தட்டிய வேகத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“என்ன பிள்ளை, கறண்ட் அடிக்குதோ?”

“இல்லை சேர்.” அவளுடைய கண் அகலத் திறந்திருந்தது. “அமருது!”

“என்னது?”

“எழுத்து அமருது சேர். அமந்து திரும்ப எழும்புது.”

பரமலிங்கம் அவளைப் பார்த்தார். மட்டை விசை அமராது. மூன்று வருடம் படிப்பித்தவர், அமரும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

பத்மாவதி திரும்பத் தட்டினாள். இம்முறை நிறுத்தவில்லை. இன்றைய விலை என்ன என்று பெட்டி கேட்டது, கொடுத்தாள். அழுகல் எவ்வளவு என்று கேட்டது, கொடுத்தாள். பாயிலிருந்தவர்கள் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் இங்கிலிசுப் படம் என்று முடிவு கட்டியிருந்தார்கள். கடைசிக் கேள்வி வந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“சேர், பாதை திறக்க எத்தனை மாசமெண்டு கேக்குது. என்ன போடுறது?”

பரமலிங்கம் அருளம்பலம் ஐயாவைப் பார்த்தார். தம்பிராசா பார்த்தார். பாய் முழுக்க அவரைப் பார்த்தது. அந்த அறையில் அரசாங்கத்தின் ஆள் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

“என்னைப் பாத்தால்?” என்றார் அருளம்பலம் ஐயா. “எனக்குச் சம்பளம் எப்ப வருமெண்டே தெரியாது.”

முற்றத்தில் ஜெனரேற்றர் இரண்டு முறை விக்கியது. திரை ஒரு கோடாகி, புள்ளியாகி, அணைந்தது. அடைத்த யன்னலுக்குள் இருட்டு.

“முடிஞ்சுது!” என்று வெளியிலிருந்து மரியரட்ணம் கத்தினார். “ஒரு சொட்டும் இல்லை!”

பரமலிங்கம் அப்படியே நின்றார். எல்லாம் போய்விட்டது என்று நினைத்தார். ஆனால் வகுப்பு அப்படி நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பெட்டி அணைந்திருப்பது புதினமல்ல, எரிந்ததுதான் புதினம். யாரோ யன்னலைத் திறக்க, சீவரத்தினம் சிலேற்றை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்து நின்றான். மூளை இரண்டும் எழும்பின.

“ஒரு மாசம் போட்டுப் பாப்பம்” என்றாள் பத்மாவதி, கதிரையில் இருந்தபடியே. “விலை எனக்கு ஞாபகம் கிடக்கு. கழி.”

மூளை கழித்தது. திரை எழுதியது. இரண்டு மாதம் போட்டார்கள். மூன்று போட்டார்கள். பாயிலிருந்த ஒரு கமக்காரர் அழுகல் கணக்கு மழைக்குக் கூடும் என்று சத்தம் போட்டார். அதையும் சேர்த்துத் திரும்ப ஓட்டினார்கள். கடைசியில் பத்மாவதி எழும்பித் தகப்பனைப் பார்த்துச் சொன்னாள்:

“அப்பு, ரெண்டு மாசத்துக்குள்ளை பாதை திறக்குமெண்டு நினைச்சால் கட்டித் தூக்குங்கோ. இல்லையெண்டால் இப்ப வித்திடுங்கோ. ஒண்டும் தெரியாட்டில் பாதியை வித்துப் பாதியைத் தூக்குங்கோ. அப்ப எது நடந்தாலும் எங்களுக்குச் சோறு இருக்கும்.”

தம்பிராசா சிலேற்றைப் பார்த்தார். அணைந்த பெட்டியைப் பார்த்தார். “உது பெட்டி சொன்னதோ, நீ சொன்னதோ?”

“ரெண்டும் ஒண்டுதான் அப்பு.”

அருளம்பலம் ஐயா பேனையை மூடினார். அவருடைய முகத்தில் உண்மையான சந்தோசம் இருந்தது. அதுதான் பரமலிங்கத்தைப் பயப்படுத்தியது.

“மாஸ்ரர், நான் எத்தினையோ பள்ளிக்கூடம் பாத்தனான். இப்பிடி ஒரு வகுப்பைக் காணேல்லை. உண்மையைச் சொன்னால், உங்கடை பிள்ளையளுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. டவுனிலைதான் பெட்டி இல்லாமல் ஒண்டும் செய்யத் தெரியாத பிள்ளையள் கிடக்கினம்.”

அளவுக்கு மிஞ்சி வென்றுவிட்டோம் என்று பரமலிங்கத்துக்கு விளங்கியது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, இந்தப் பிள்ளை ஒரு சொல்லுச் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ? அமருது எண்டு. மூண்டு வருசமா நான் எல்லாம் சொல்லிக் குடுத்தனான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். எழுத்து அமருமெண்டு சொல்லேல்லை. எனக்கே மறந்துபோச்சு. இன்னும் என்ன என்ன மறந்தனோ தெரியாது. பெட்டி இஞ்சை நிண்டால், எப்பவாவது ஒருக்கால் கொளுத்தினால், அதுவே சொல்லிக் குடுக்கும். நான் பிழையாச் சொன்னதையும் திருத்தும்.”

பதிலை வெற்றிலைத் தட்டத்து ஆச்சி சொன்னார்.

“ஐயா, படத்தின்ரை மிச்சம்?”

“இது படமில்லை ஆச்சி.”

“எங்களுக்கு விளங்குது ஐயா, எண்ணை முடிஞ்சுது. அதுக்கென்ன, பிறகு வந்து பாக்கிறம். பெட்டி இஞ்சைதானே நிக்கும்? எண்பதாம் ஆண்டு இப்பதானே தொடங்கினது.”

ஒருவரும் பாயைச் சுருட்டவில்லை. பெட்டி நிற்கும் என்ற சொல் வரும்வரை எழும்புகிற நோக்கம் அந்தச் சனத்துக்கு இல்லை என்பது தெரிந்தது. தம்பிராசா தொண்டையைச் செருமினார். “அடுத்த முறை கூப்பனுக்கு வாறதிலை கொஞ்சம் நானும் மிச்சம் பிடிக்கிறன். மற்றவையும் ஆளுக்கு ஒரு சுண்டு தருவினம்.” மற்றவை தலையாட்டினார்கள். விளக்குக்கே காணாத எண்ணெய் அது.

அருளம்பலம் ஐயா பேனையைத் திரும்பத் திறந்தார். எழுதும்போதே தனக்குள் வாசிக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“உபகரணம் இயங்குகிறது. திகதி மட்டும் பிந்தி நிற்கிறது. அதனைத் திருத்துதல் பாடசாலையின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, பொருளாதார வளர்ச்சி என்ற தலைப்பின் கீழ் ‘வெங்காயம்’ என்று எழுதினார்.

சைக்கிளில் ஏறும்போது பரமலிங்கத்தைப் பக்கத்தில் கூப்பிட்டார். “பிறகு கொளுத்தினால் எனக்கும் ஒரு சொல் அனுப்பிவிடுங்கோ மாஸ்ரர். அந்தத் திகதியை மட்டும் மாத்தாமல் வைச்சிருங்கோ.”

“ஓம் ஐயா” என்றார் பரமலிங்கம். மாற்றினாலும் அணைத்துக் கொளுத்தினால் அது தானாகவே அங்கே போய்விடும் என்று அவர் சொல்லவில்லை.

சிவக்கொழுந்து ரீச்சர் இன்னும் முற்றத்திலேயே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்துவிட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. “வேலை செய்ததோ?” என்று கேட்டார். செய்தது என்று பரமலிங்கம் சொன்னார். “கும்பிட்டது வீண்போகேல்லை” என்று ரீச்சர் கழுத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று எல்லோரும் போன பிறகு வாசலில் பரமலிங்கத்தின் நீல இறப்பர் செருப்பில் இடது கால் ஒன்றுதான் கிடந்தது. படம் பார்க்க வந்தவர்களில் யாரோ மாறிப் போட்டுக்கொண்டு போயிருக்கவேண்டும் என்று நினைத்தார். ஒற்றைச் செருப்பைக் கரியரில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார். இந்தக் காலத்தில் ஒரு சோடி செருப்பு வாங்குவது இலேசல்ல. ஆனாலும் வழியெல்லாம் ஏதோ பாட்டை வாய்க்குள் இழுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கணனிப் பாடத்துக்கு வந்தபோது பத்மாவதியும் சீவரத்தினமும் மேசைக்கு முன்னால், எதையோ மறைப்பது போல நின்றார்கள். அவர் கிட்டப் போனதும் விலகினார்கள். மேசையில் பழைய மட்டை விசைப்பலகை இருந்தது. ஆனால் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றுக்குக் கீழும் நீல நிறத்தில் ஒரு சின்ன இறப்பர் துண்டு ஒட்டியிருந்தார்கள்.

“இப்ப அமருது சேர்” என்றாள் பத்மாவதி.

பரமலிங்கம் குனிந்து பார்த்தார். நீலம். கரையோரத் துண்டுகள் இரண்டு மூன்றில் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அவரைப் போல வலது குதியை அழுத்தி நடக்கிறவரின் செருப்பு அப்படித்தான் தேயும்.

நடுவிலிருந்த ஒரு எழுத்தில் விரலை வைத்து அழுத்தினார். அமர்ந்தது. விரலை எடுத்ததும் மெல்ல எழும்பியது.

“ஓம்” என்றார். “இப்பிடித்தான் அமரும். எல்லாரும் ஒருக்கால் வந்து அமத்திப் பாருங்கோ.”